யானையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

செவ்வாய்க்கிழமை நைரோபிச் சந்தையில் கெரூபோ முதல் ஆளாகத் தார்ப்பாயை விரித்து, மாக்கல்லில் செதுக்கிய யானைகளை அடுக்கிவிடுவாள். அதோடு வியாபாரம் முடிந்தது. மீதி நேரமெல்லாம் வம்பு. அன்றும் கடையை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டு, சப்பாத்தி சுடுகிறவளிடம் போய், பாசிமணி விற்கிறவளின் புது மருமகனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் கேட்டது நம்மிடம் இல்லையென்றால் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துப் போய்க் காட்டலாம். விற்றால் பணம் அவர்களுக்கு, விற்காவிட்டால் பொருள் திரும்பிவிடும். கேட்டு எடுப்பதெல்லாம் கிடையாது. எல்லாம் தெரிந்த முகங்கள்தானே.

கியோக்கோ தெரிந்த முகமில்லை. பக்கத்துக் கூடைக் கடை முவெண்டேயின் கணவன். அவள் பிள்ளை பெற்று வீட்டில் கிடந்ததால் அன்றுதான் முதன்முதலாகக் கடையில் உட்கார்ந்தான். ஒரு வெள்ளைக்கார அம்மாள் "யானை இல்லையா?" என்று கேட்டுவிட்டு சந்தை வாசல் பக்கம் நடந்தாள். மனைவி சொல்லிக்கொடுத்தபடி, கெரூபோவின் கடையிலிருந்து பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளின் பின்னாலேயே ஓடினான்.

கெரூபோ திரும்பிப் பார்த்தாள். தன் யானை வாசலை நோக்கி ஓடுகிறது.

"திருடன்! பிடிங்க!"

முகமூடி விற்கிற ஒட்டீனோதான் முதலில் கருங்காலித் தடியை வீசினான். அப்புறம் யார் அடி என்று கணக்கில்லை. பேரத்தில் ஒரு ஷில்லிங் விட்டுக்கொடுக்காதவர்கள் அடியை மட்டும் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள். பல் தெறித்தது. கண் பிதுங்கியது. கழுத்தில் மாட்டிக் கொளுத்துவதற்கு பைக் டாக்சிக்காரன் ஒருவன் பழைய டயரை உருட்டி வந்தான். இன்னொருவன் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்தான்.

நன்றாகப் பார்க்க வேண்டுமென்று முண்டியடித்து முன்னால் வந்த கெரூபோவுக்குத்தான் அது கேட்டது. "நான்... முவெண்டே புருஷன்."

"விடுங்கடா, நம்ம முவெண்டே வீட்டுக்காரருடா."

"நீதானக்கா கத்துன? ஒதுங்கு. இல்ல, நீயும் கூட்டாளியா?"

அவள் அவன்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அவனுக்கென்று இறங்கிய தடி அவள் மணிக்கட்டை ஒடித்தது. வாராவாரம் பார்த்த பெண்ணின் எலும்பு முறிந்த சத்தத்தில்தான் கைகள் நின்றன.

கியோக்கோ பிழைத்தான். இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முவெண்டே முதுகில் குழந்தையோடு நின்றாள்.

"உன் வீட்டுக்காரர்னு தெரியாதுடி. திருடன்னுல்ல நெனச்சேன்."

"திருடனாவே இருக்கட்டும்க்கா. ஒரு கல்லு யானைக்கு ஆளை எரிச்சிடுவீங்களா?"



அடுத்த செவ்வாய், கையில் மாவுக்கட்டோடு அவள் ஒட்டீனோ கடைக்கு வந்தாள். வம்பளக்க வருகிறாள் என்று நினைத்து நாலு பேர் ஆவலாகக் கூடினார்கள்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "மொதல்ல கத்துனவ நானுன்னு சொன்னேன். அப்புறம் அடிச்சவங்க பேரு. எனக்குத்தான் இங்க எல்லார் பேரும் தெரியுமே."

"எங்களையுமாக்கா? அது கூட்டம் பண்ணினதுல்ல?" என்றான் ஒட்டீனோ.

"கூட்டம்னு ஒருத்தன் இல்லப்பா. திருடனைப் பிடிச்சா போலீஸ்ல குடுக்கணும். நாம சேர்ந்து அடிச்சா அது நியாயம் இல்ல, கொலை. கத்துனவளுக்கும் அதுல பங்கு உண்டு, தடி எடுத்தவனுக்கும் பங்கு உண்டு."