தந்தியில் இல்லாத நேரம்

"சார், செத்த நிப்பாட்டுங்க," என்றாள் மலையம்மாள்.

தந்திக் கருவியின் மேல் வைத்த விரலை ஆதித்தன் எடுத்துக்கொண்டார். பதினைந்து வருடமாகக் கம்பத்துத் தபாலாபீசில் கட்டுக்கட்டென்று தட்டுகிறவர். தட்டப்போகிற நேரத்தில் நிறுத்தச் சொன்ன ஆள் இவள்தான்.

"அதுல எழுதியிருக்கத ஒருக்க வாசிங்க."

"அம்மா காலமானார். எடுப்பு பதினாலாம் தேதி மாலை நாலு மணி. வீரணன். பம்பாய்க்குப் போகுது, சுருளிவேலுக்கு. சரிதானம்மா?"

"கடைசியில இருக்க தேதியும் மணியும் வேணாம் சார். எடுத்துருங்க."

"எடுப்புன்னுட்டு எப்பன்னு சொல்லாம விட்டா?"

"அப்ப எடுப்புங்குறதையும் எடுத்துருங்க. அம்மா காலமானார். அம்புட்டுப் போதும்."

ஆதித்தன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் பிணம் கிடக்க, தலைகூட வாராமல் காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்திருந்தாள். ஆண்கள் ஆளுக்கொரு வேலையாய் ஓடியதால் அண்ணன் வீரணன் தாளை அவளிடம் கொடுத்துவிட்டிருந்தான். அவனுக்குச் சாவு வீட்டிலும் எல்லாம் முறையாக நடக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அப்பா செத்தபோதும் இப்படித்தான் தேதி, மணியோடு தந்தி கொடுத்தான். தம்பி சுருளிவேல் வரவில்லை. 'ரயிலேறினாலும் ரெண்டு நாள் ஆகும். நேரத்தைப் பார்த்தேன். அதற்குள் எடுத்திருப்பீர்கள், வந்து என்ன ஆகப்போகிறது' என்று கடுதாசிதான் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் அண்ணன் ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்த அன்று பஸ் ஏறியவனுக்கு அந்த நாலு மணி நல்ல சாக்காகப் போயிற்று.

"அந்த நேரத்த மட்டும் போடாம விட்டிருந்தா எம்புள்ள கெளம்பியிருப்பான்டி," என்று அம்மா சந்தனம்மாள் சோற்றில் கை வைக்கிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"சொல் எண்ணிக்கை மாறுதும்மா. பழைய எண்ணை அடிச்சிட்டு நீங்களே கையெழுத்துப் போடணும்."

மலையம்மாள் போட்டாள்.

சொன்னபடி நாலு மணிக்கே எடுத்தார்கள். தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவன் இல்லாததால் வீரணனே கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். போகிற போக்கில், "தந்தி போயிருச்சுல்ல?" என்று கேட்டான்.

"போயிருச்சுண்ணே."

அம்மாவுக்காக அழுதவள் அதற்குப்பின் தம்பிக்காகவும் அழுதாள். முகத்தைப் பார்த்துவிடலாமென்று ரயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வருவானே, பாவி நான் ஏமாற்றிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் வந்தான். ஆள் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. வாழை இலையில் பொதிந்த பெரிய ரோஜா மாலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"எங்கனக்கா வச்சிருக்காக?"

வீரணன்தான் எழுந்தான்.

"என்னலே கேக்குற? அன்னைக்கு நாலு மணிக்கே எடுத்தாச்சு. தந்தியில போட்டிருந்தேனே."

"நேரம் எதும் போடலியேண்ணே. போடாததுனால... எனக்காகத்தான் வச்சிருக்கீகன்னு..." ஏழு வருடத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நாந்தான் நேரத்த எடுக்கச் சொன்னேன்," என்றாள் மலையம்மாள். "அண்ணே எழுதித்தான் குடுத்துச்சு. நாந்தான் எடுத்தேன். நேரம் இருந்தா நீ வந்திருப்பியா? ஆத்தா மேல சத்தியமாச் சொல்லுலே, வந்திருப்பியா?"

சுருளிவேல் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்திருக்க மாட்டேன்க்கா."

வீரணன் தங்கச்சியை முறைத்தான். வையத்தான் போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளிவந்து மாலைமேல் தெளித்தான். மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

"வாடிப்போச்சு. வாலே, போட்டுட்டு வந்துருவோம்."

சுடுகாட்டுப் பாதையில் வீரணன் முன்னால் நடந்தான். வரப்பு குறுகிய இடத்தில் நின்று, தம்பி மாலையோடு தாண்டுகிறவரை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.