விளக்கைச் சுற்றிய வளையம்

நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிதான். அண்ணன் வைத்த பெயர். அண்ணி வந்த நாளிலிருந்து அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். கல்யாணம் என்ற பேச்சை எப்போதோ ஓரங்கட்டிவிட்ட குட்டிக்கு அந்த வீட்டின் பின்னறை சொந்தம். அவளுடைய வேலையும் அங்கேதான். கல்லூரிப் பாடங்கள் வீடியோவாக வரும். காது கேளாத மாணவர்களுக்காக, பேராசிரியர் பேசுவதை வரி வரியாக எழுத்தாக்கிப் படத்தின் அடியில் ஓடவிட வேண்டும். ஒரு வரி உதட்டசைவுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் அவளுக்குப் பொறுக்காது. நிறுத்துவாள், பின்னால் இழுப்பாள், மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். ஜன்னல் வெளிச்சம் கம்ப்யூட்டரில் பட்டுப் பளபளக்கிறது என்று பட்டப்பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடி, அறையை இருட்டாக்கிக்கொண்டுதான் உட்காருவாள்.

"குகையில கரடி இருக்கா?" என்று கேட்டபடியேதான் அண்ணி டீயோடு உள்ளே வருவாள்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். அந்த வீட்டில் எலி அண்ணன் ஒருவன்தான். லிப்ட் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. அழுக்குச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமிருந்தும் அர்ச்சனை விழும். பெண்கள் இருவரும் சேர்ந்துகொண்டால் தனக்கு வீட்டில் வாயே கிடையாது என்று அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை வேலை. முகத்தைப் பார்த்ததுமே எந்த பிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். சாயங்காலமானால் கண்ணெல்லாம் உறுத்துகிறது, நெற்றி கனக்கிறது என்று குட்டி சொல்லத் தொடங்கிய வாரத்திலேயே அண்ணி ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற நீல வெளிச்சம்தான் கண்ணைக் கெடுக்குதாம். இது தடுத்துடும். கம்பெனிக்காரர் கடைக்கு வந்து நீல டார்ச் அடிச்சே காமிச்சார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்ல, தெரியுமா?"

அண்ணி விற்பனைக்காகப் பேசவில்லை. அவள் நம்பினாள். குட்டியும் நம்பினாள். முதல் வாரம் வலி குறைந்தது போலவே இருந்தது. "அண்ணி, உங்க கண்ணாடி வேலை செய்யுது" என்று அவள் சொன்னதும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாளிலிருந்து கடையில் தயங்கி நிற்கிறவர்களிடமெல்லாம், "என் நாத்தனாரே போட்டிருக்கா. நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான் அவளுக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். பலர் வாங்கினார்கள்.

வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை வலது கண்ணுக்குப் பின்னால், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. சில சாயங்காலங்களில் தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வண்ண வண்ணமாக ஒரு வளையம் தெரிந்தது. தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். கண்ணாடியில் பூசியிருக்கும் பூச்சுதான் அப்படி மினுங்குகிறது என்று குட்டி தனக்குத் தானே முடிவு செய்துகொண்டாள். ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதும் வளையம் தெரிந்தது. அன்று களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். அண்ணியிடம் சொல்லவில்லை. கடையில் தன் பெயரைச் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறவளிடம் போய், நீங்கள் ஆசையாகக் கொடுத்தது பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பனிக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். குட்டிக்கு ஜலதோஷம், மாத்திரை போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். இதயத்தின் அறைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மெல்லப் புகைமூட்டத்துக்குள் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். புகை போகவில்லை. பிறகு வந்த வலி அதற்கு முன் அவள் அறியாத வலி. கண்ணிலிருந்து கிளம்பி மண்டையைப் பிளந்துகொண்டு பிடரிவரை இறங்கியது. நாற்காலியைப் பிடித்தபடியே வாந்தி எடுத்தாள்.

அன்று வீட்டிலிருந்த அண்ணன் ஓடிவந்தான். "பித்தம் தலைக்கு ஏறிடுச்சு. கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படு" என்று போர்வையைப் போர்த்தி, விளக்கையும் அணைத்துவிட்டுப் போனான்.

கடையிலிருந்து நனைந்துகொண்டே வந்த அண்ணி விளக்கைப் போட்டாள். குட்டியின் வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழி, ஆவி படிந்த கண்ணாடி போல மங்கிக் கிடந்தது.

"இடது கண்ணைக் கையால மூடிக்கோ. என் முகம் தெரியுதா?"

"ஏதோ அசையுது. நீங்கதானா?"

அண்ணி வாசல் பக்கம் திரும்பினாள். "வண்டியைக் கூப்பிடுங்க. கண் ஆஸ்பத்திரிக்கு" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். "தலைவலிக்கு எதுக்கு கண் ஆஸ்பத்திரி?" என்று அவன் கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில், அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கண்ணின் அழுத்தத்தை அளந்த நர்ஸ், இன்னொரு தடவை அளந்துவிட்டு டாக்டரை அழைத்து வந்தாள். சொட்டு மருந்து விட்டார்கள், ஊசி போட்டார்கள். வலி அடங்க வெகுநேரம் பிடித்தது. மறுநாள், அழுத்தம் மறுபடி ஏறாதிருக்க, இரண்டு கண்களிலும் லேசரால் நுண்ணிய துளை போட்டார்கள். அதன்பிறகுதான் டாக்டர் அம்மா எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்க கண் அமைப்பே சின்னது, வடியற வழி குறுகல். இருட்டுல கண்ணோட நடுக் கறுப்பு, பாப்பா, விரியறப்ப அந்த வழி அடைபட்டு, நீர் தேங்கி அழுத்தம் ஏறிடும். ஜலதோஷ மாத்திரையும் அன்னைக்கு அதைத் தூண்டிவிட்டிருக்கு. இதுக்கு முன்னாடி விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எவ்வளவு நாளா?"

"பனி ஆரம்பிச்சதுல இருந்து."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இடது கண் தப்பிச்சுது. வலது கண்ல நரம்பு பாதிச்சிருக்கு. நடுவுல கொஞ்சம் தெரியும். சுத்திலும் போன பார்வை திரும்பி வராதும்மா."

அண்ணி கைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "டாக்டர், இதனாலயா?"

டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஒண்ணும் பண்ணாது. கெடுதலும் பண்ணாது, கண் வலியையும் தீர்க்காது. வெயில்ல இருக்கற நீல வெளிச்சத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல வர்றது ஒரு துளி. கம்ப்யூட்டரைப் பாக்கறப்ப நாம கண் சிமிட்டறதை மறந்துடறோம், நாள் பூரா கிட்டத்துலயே பாக்கறோம். அதான் களைப்பு. நடுநடுவுல எழுந்து தூரமாப் பாத்தாலே பாதி போயிடும். ஆனா இவங்களுக்கு வந்தது அந்த வலியே இல்ல."

"அப்போ முதல் வாரம் நல்லா இருந்துதே?" என்று குட்டி கேட்டாள்.

"நல்லாயிடும்னு நம்பிப் போட்டீங்க இல்லையா?" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தார்கள். "கண் கெட்ட பிறகு..." என்று ஏதோ பேச்சுவாக்கில் பழமொழியை ஆரம்பித்த அண்ணன், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அண்ணி பின்னறைக்கு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கரடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வைத்த கையோடு திரும்பிப் போனாள்.

ஒரு காலையில் குட்டி அடுப்படியில் திரும்பியபோது, வலது பக்கம் இருந்த வெந்நீர்ப் பாத்திரம் தெரியாமல் முழங்கை இடித்தது. தரையெல்லாம் வெந்நீர். அண்ணி துணியோடு ஓடிவந்து குனிந்தாள். குட்டி பல நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போது வாயில் வந்துவிட்டது.

"இப்ப ஓடி வந்து என்ன பிரயோஜனம்? ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பாக்கறீங்க. உங்க கடைக்குள்ளேயே பரிசோதிக்கற ஆள் இருக்கார். என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணலையே."

அண்ணி நிமிரவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் குட்டியின் கோபம் அப்படியே கீழே விழுந்தது. தரை ஈரமென்றும் பாராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வளையம்... கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தப்பவும் தெரிஞ்சுது அண்ணி. நான்தான் சொல்லல. சொன்னா உங்க மனசு நோகும்னு."

"சொல்லியிருந்தா திட்டியிருப்பேனா, குட்டி?"

"திட்டமாட்டீங்க. இதைவிட நல்ல கண்ணாடியா இன்னொண்ணு கொண்டு வந்திருப்பீங்க."

அண்ணி மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. இருவரும் ஈரத்துணியை நடுவில் வைத்துக்கொண்டு, அண்ணன் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார்; அறையில் வெளிச்சம் இருக்க வேண்டும், கிட்டத்தில் படிக்கப் பவர் கண்ணாடி வேண்டும் என்றார். அதை வாங்கத்தான் குட்டி அண்ணியின் கடைக்குப் போனாள். அண்ணி ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்ததால் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண் போலிருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"நீல வெளிச்சத்தைத் தடுக்கற கண்ணாடி இருக்காமே? நாள் பூரா கண் எரியுது."

"இருக்கு, வேணும்னா தர்றேன். ஆனா கண் எரிச்சல் அதனால போகும்னு நான் சொல்ல மாட்டேன். முதல்ல கண்ணைப் பரிசோதிச்சிடுங்க. வலி தலைக்கு ஏறுதா? பார்வை மங்குதா?"

"எனக்கு நேரமில்லங்க. கண்ணாடி மட்டும் போதும்."

"பத்து நிமிஷம் உக்காருங்க. உள்ள ஆள் இருக்கார்."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறினாள். சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. கல்லாவில் இருந்த மேனேஜர், "இன்னைக்கு இது மூணாவது ஆள்" என்றார். அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அவர் பேச்சை அதோடு விட்டுவிடப் போவதில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அண்ணி புதுக் கண்ணாடியை எடுத்துவந்து குட்டியின் முகத்தில் மாட்டினாள். காதுக்குப் பின்னால் விரலால் தடவி, கண்ணாடிக் காம்பை லேசாக வளைத்து, மறுபடி மாட்டினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. படிக்கும் அட்டையை நீட்டினாள். குட்டி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். இடது கண் எழுத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. வலது கண் நடுவில் இரண்டு மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு?"

'நல்லா இருக்கு' என்று சொல்லத்தான் வாய் போனது. குட்டி நிறுத்திக்கொண்டாள்.

"இடது கண்ணுக்குச் சரியா இருக்கு. வலதுல பெரிசா வித்தியாசம் தெரியல. மூக்குல கொஞ்சம் அழுத்துது."

"எங்க அழுத்துது, காட்டு" என்றாள் அண்ணி. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.