மாடி வீட்டுக் காய்ச்சல்

காலமெல்லாம் மேடையில் வில்லனாக நடித்தவர் என்பதால் வெளியிலும் அவருக்கு வில்லன் என்றே பெயர். நிஜத்தில் கரப்பான்பூச்சிக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிறவர்.

அவருடைய அக்காவின் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்த மூன்று பேர், திருட்டு செல்போன்களை அங்கே மூட்டை மூட்டையாகக் குவித்தார்கள். கீழே தையல் மிஷினோடு பிழைப்பவள் அக்கா. காலி பண்ணச் சொன்னபோது, "தைக்கறதுக்குக் கை ரெண்டும் வேணுமா, வேணாமா?" என்று கேட்டான் அவர்களில் மொட்டை என்பவன். போலீஸ் புகாரை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி.

வில்லனின் மனைவியும் அவருடைய நாடகக் குழுவிலேயே நடிகை. "நடிச்சே கிளப்பிடலாம் வாங்க," என்றாள்.

மறுநாள் காலை இருவரும் வெள்ளைக் கோட்டும் முகமூடியுமாக, சுகாதார அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு மாடியேறினார்கள்.

"தண்ணித் தொட்டியில எலி செத்துக் கிடக்கு," என்றார் வில்லன். "அந்தத் தண்ணிய குடிச்சவங்களுக்கு முதல்ல தலைவலி, அப்புறம் ஜுரம், அப்புறம்..."

அந்த இடத்தில் நிறுத்தினார். இப்படி நிறுத்தித்தான் மேடையில் கைதட்டல் வாங்குவார்.

"அப்புறம் என்ன சார்?"

"வீட்டுக்கு சீல் வைக்கணும். போலீஸ் வந்துட்டிருக்கு."

போலீஸ் என்றதும் இரண்டு பேர் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். மொட்டை மட்டும் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி வில்லனின் கையைப் பிடித்தான். அனலாகக் கொதித்தது.

"டாக்டர், நீங்க சொன்னதெல்லாம் எனக்கு இருக்கு. செத்துருவேனா?"

வில்லன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கையை உதறிட்டு வாங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"சாகமாட்ட. எந்திரி," என்றார் அவர்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டர், வில்லனின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க வேலை பாக்கறீங்க சார்?" என்று கேட்டார்.

"நான் இவனோட மாமா."

"மாமாவுக்கு எதுக்குக் கோட்டு?"

"குளிருது."

நிஜமாகவே கடுமையான காய்ச்சல்தான். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள். மருந்து ஏறி முடிக்கும்வரை மொட்டை பிடித்த கையை விடவில்லை. வில்லனும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாடியில் மிச்சமிருந்த செல்போன்களைக் காட்டி அக்கா போலீசைக் கூட்டிவந்தாள். குணமானதும் மொட்டையை ஆஸ்பத்திரியிலிருந்தே கைது செய்தார்கள். "டாக்டர் வரலேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்," என்று அவன் ஏட்டிடம் சொன்னான். எந்த டாக்டர் என்று ஏட்டு கேட்கவில்லை.

"என் கையை வெட்டறேன்னு நின்னவனுக்கு நீ காவல் கிடந்தியாடா?" என்று அக்கா கத்தினாள்.

"என்னவோ, எழுந்து வரத் தோணல அக்கா," என்றார் வில்லன்.

அவள் வெகுநாள் அவரோடு பேசவில்லை. மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்த அன்றுதான், பீரோவைத் தூக்கிவிடக் கூப்பிட்டாள்.