கழுத்தில் போட்டுப் பார்த்த மாலை

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வேதக்கோயிலை அலங்கரிக்கச் சீமையிலிருந்து ஒரு பெட்டி வரப்போகிறது என்று உபதேசியார் ஞானதுரை கார்த்திகை மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜிகினாத் தாள் வருமாம், கண்ணாடி உருண்டை வருமாம், கண்ணை மூடித் திறக்கிற மெழுகுப் பொம்மை வருமாம். வந்ததா என்றால், வரவில்லை. முதலில் கப்பலைக் குறை சொன்னார், அப்புறம் வண்டிக்காரர்களைக் குறை சொன்னார். பண்டிகை கிட்டத்தில் வந்ததும், "நீங்களே பிள்ளைகளை வச்சு ஏதாவது செஞ்சிருங்கம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மேலாள் உபதேசியார், வாத்திச்சி நான் ஒருத்திதான். எதை வைத்துச் செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, வீட்டில் சும்மா கிடப்பதை ஆளுக்கொன்று எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடமே குப்பைமேடாகிவிட்டது. கிழிந்த வேட்டி, தென்னை ஈர்க்கு, குன்றிமணி, புடைத்துத் தேய்ந்த பழைய சுளகு, பனங்குருத்தோலை, ஒரு சட்டி கண்மாய் மண் எல்லாம் வந்திருந்தன.

ஈர்க்கை நட்சத்திரமாகக் கட்டி, அதன்மேல் வேட்டித் துணியை இழுத்துத் தைத்து, துணியில் விளக்கெண்ணெய் தடவினோம். உள்ளே அகலை வைத்தால் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது. மண்ணைப் பிசைந்து ஆடுகள் செய்து, ஈரம் காய்வதற்குள் பஞ்சை ஒட்டி, குன்றிமணியைக் கண்ணாகப் பதித்தோம். பழைய சேலைத் துணிக்குள் பஞ்சைத் திணித்துப் பிறந்த குழந்தை அளவுக்கு ஒரு பொம்மை தைத்து, சுளகில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். பிள்ளைகள் அதைப் பொம்மை என்று சொல்லவே இல்லை, பாப்பா என்றுதான் சொன்னார்கள்.

பஞ்சு கொண்டுவந்தவள் வெள்ளத்தாய். அவள் அப்பா கண்ணுச்சாமி, இராஜபாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் பருத்திப் பொதி ஏற்றி வண்டி அடிக்கிறவர். அவர்கள் எங்களைப்போல் வேதக்காரர்கள் இல்லை, பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டால் அவளைச் சேர்த்துக்கொள்ள ஊரில் வேறு பள்ளிக்கூடமும் இல்லை. கூமாப்பட்டியில் இருக்கிற அவள் அத்தை, பருத்தி எடுக்க ஆள் வேண்டும், பிள்ளையை அனுப்பு என்று வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "படிக்கட்டும், பொறவு பாப்போம்" என்று கண்ணுச்சாமி தள்ளிப்போட்டு வந்தார். அந்த 'பொறவு' எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு மாலை கட்ட வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். ஓலையைச் சன்னமாகக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் ஊறப் போட்டாள். பாதியை எடுத்துச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் முக்கினாள், அது குங்குமச் சிவப்பாக மாறிற்று. மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று என்று வளையம் வளையமாகக் கோத்தார்கள். ஓலையில் சோற்றுப் பசை நிற்காது. அதனால் ஒவ்வொரு வளையத்தையும் கருவேல முள்ளால் குத்திச் சேர்த்து, வெளியே நீட்டிய முனையை ஒடித்துவிட்டார்கள். கட்டி முடித்ததும் வெள்ளத்தாய் அதைத் தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்தா உபதேசியார் வாசலில் வந்து நிற்க வேண்டும்?

வேறு ஊராக இருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்கவே பட்டிருக்காது. இது நாச்சியார் பிறந்த ஊர். பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்துவிட்டு, அப்புறம் சாமிக்குக் கொடுத்தவள் அவள். இந்த ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூட அந்தக் கதை தெரியும். ஞானதுரைக்கும் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

"என்னம்மா நடக்குது இங்க? இது கோயில் மாலையா, ஆடிப்பூரத்து மாலையா?" என்று உள்ளே வந்தார். வெள்ளத்தாயின் கழுத்திலிருந்து மாலையை வெடுக்கென்று இழுத்தார். வளையங்கள் பிய்ந்து தரையெல்லாம் சிதறின. "சூடிக் குடுத்த மாலையை ஆண்டவருக்குப் போடச் சொல்லுதீயளா? இவ பேரை இன்னைக்கே வெட்டிருதேன்."

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சீமைப் பெட்டியைக் கொண்டுவரத் துப்பில்லை, பிள்ளைகள் கைநோகச் செய்ததைப் பிய்த்துப் போட மட்டும் கை நீளுகிறது. "ஓலையில என்னய்யா மதம் இருக்கு?" என்று கேட்டேன். அவர் வெளியே போய், கண்ணுச்சாமியைக் கையோடு கூட்டிவா என்று ஆள் அனுப்பினார்.

கண்ணுச்சாமி வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தார். தலைப்பாகையில் பஞ்சு அப்பியிருந்தது. பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசுவார் என்று நான் நினைத்தேன். அவர் வேறு பாட்டுப் பாடினார்.

"ஏட்டி, வேத்து சாமிக்கு மாலை சூடுனியா? நாச்சியார் மாலையைச் சூடுனது அந்தப் பெருமாளையே கட்டிக்கிடணும்னு. நீ யாரைக் கட்டிக்கிடப் போற? ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

பாருங்கள் கூத்தை. நம் கோயிலுக்குள் அவர்கள் சாமி வந்துவிட்டது என்று உபதேசியாருக்குக் கோபம். தங்கள் சாமியின் மாலை வேதக்கோயிலுக்குப் போகிறது என்று கண்ணுச்சாமிக்குக் கோபம். கோயில் மணியடிக்கிற நேரத்திலிருந்து வண்டிமாடு கட்டுகிற இடம் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஆண்களும், அந்தப் பிள்ளை இனிப் பள்ளிக்கூடம் வரக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"நாளைக்குக் கூமாப்பட்டிக்கு வண்டி போகுது, அதுல ஏத்தி விட்டுருதேன்" என்றார் கண்ணுச்சாமி.

"அதான் நல்லது" என்றார் ஞானதுரை.

எனக்குப் பொறுக்கவில்லை. "செத்த நேரம் ரெண்டு பேரும் வாயை மூடுதீயளா?" என்று கத்தியே விட்டேன். உபதேசியாரிடம் அப்படிப் பேசினால் என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "நாச்சியார் என்ன நினைச்சான்னு பேசுதீய, ஆண்டவர் என்ன நினைப்பாருன்னு பேசுதீய. இந்தப் பிள்ளை என்ன நினைச்சான்னு ஒருத்தராவது கேட்டீயளா? வெள்ளத்தாய், நீ சொல்லு. எதுக்கு அதைக் கழுத்துல போட்ட?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முள்ளு குத்துதான்னு பாத்தேன்மா."

சுளகில் கிடந்த பொம்மையைக் கையால் காட்டினாள்.

"பாப்பா பொறந்த பிள்ளைல்லா. கழுத்துல குத்துனா அதுக்குச் சொல்லத் தெரியாதுல்லா. அதான் நான் போட்டு ஆட்டிப் பாத்தேன். ஒரு இடத்துல குத்துச்சு. அதைப் பிடுங்குறதுக்குள்ள அவிய வந்துட்டாவ."

கண்ணுச்சாமி குனிந்து மகளின் தாவணி ஓரத்தை விலக்கிப் பார்த்தார். கழுத்தோரம் சிவப்பாக நீளக் கோடு விழுந்திருந்தது. குத்தியது பாதி, உபதேசியார் வெடுக்கென்று இழுத்ததில் கிழித்தது பாதி. ஞானதுரையும் அதைப் பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரும் என்று நான் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சரி, வரட்டும், பேரை வெட்டல" என்றார். "ஆனா இனிமே யாரும் மாலையைக் கழுத்துல போட்டுப் பாக்கக் கூடாது. பாக்கிறவங்க தப்பா நினைப்பாங்க."

பிள்ளை கழுத்தில் கோடு விழுந்தாலும் பாக்கிறவர்கள்தான் இவருக்குப் பெரிது. நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணுச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிதறிக் கிடந்த ஓலை வளையங்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். வெள்ளத்தாயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொதி கட்டிப் பழகிய விரல்கள், ஆனாலும் மகள் சொன்னபடி மஞ்சளும் சிவப்புமாகக் கோத்துக் கொடுத்தன. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். உபதேசியார் போகவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் தூணோரம் நின்றார்.

மாலை முடிந்தது. வெள்ளத்தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். கழுத்துக்குக் கொண்டுபோகப் பயம். அப்படியே பாப்பாவுக்குப் போடவும் மனசில்லை. கண் உபதேசியாரிடம் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

கண்ணுச்சாமி மாலையை அவள் கையிலிருந்து வாங்கினார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். உபதேசியாரை நேராகப் பார்த்துக்கொண்டே, அந்த மாலையைத் தன் கழுத்தில் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் நன்றாக ஆட்டினார்.

"குத்தலை தாயி" என்றார். "கொண்டுபோயிப் பிள்ளைக்குப் போடு."