தகனினிக்காரர் சொன்ன விலை

ஒரு மனைவியும் நான்கு வயது மகளும் கொழும்பிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒக்லண்ட் வந்து சேர மூவாயிரத்து முந்நூற்றைம்பது டொலர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதுதான் விலை. ஒக்லண்டின் மனுகாவில் விமான ரிக்கற் போடும் பெண் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். கொஞ்சம் குறைக்க முடியாதா என்று கேட்டபோதும் அதே சிரிப்புத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இரண்டு சீற்றையும் பிடித்து வைப்பதாகச் சொன்னாள். மாத முடிவோடு தாய்க்கும் பிள்ளைக்கும் கிடைத்த விசாவும் காலாவதி.

நோபேட்டிடம் முந்நூறு டொலரும் ஒரு ஃபால்கன் ஜீ.டி. காரும் இருந்தன. மன்னாரிலிருந்து தனியாக வந்து, விரி என்ற புறநகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவன் அவன். ஓவர்டைம் காசில் வாங்கிய வண்டி. எட்டு சிலிண்டர், ஐந்து தசம் எட்டு லீற்றர். பெற்றோல் விலை ஏறிய நாளிலிருந்து பழைய கார் வியாபாரிகள் அந்த மாதிரி வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடன் கேட்கலாமென்றால், அந்த மாதம் ஒக்லண்டிலிருந்த தமிழர் எல்லோருக்கும் வாங்க வேண்டிய ரிக்கற் ஆளுக்கொன்று இருந்தது. ஜூலைக் கலவரத்தில் தப்பிய அவன் மனைவி விக்ரோறியாவும் பிள்ளையும் கொழும்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், அகதிகளோடு அகதிகளாகப் பாயில் படுத்திருந்தார்கள்.

விற்றுத் தருகிறேன் என்று வந்தவர் தியாகலிங்கம். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவைக்கடை வைத்திருந்தவரின் மகன். இங்கே ஆயுள் காப்புறுதி விற்கிறார்; சாக விருப்பமில்லாதவர்களிடம் சாவைப் பற்றியே கதைத்துக் காசு வாங்கும் திறமை. ஆள் கெட்டவர் இல்லை. ஒரு சதம் கூட்டி விற்காவிட்டால் அன்று குளிக்காதது போல இருக்கும் அவருக்கு.

“தேவை எண்டு காட்டினால் விலை விழுந்திடும். விக்ரோறியாவைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. கதைக்கிறது என்ர வேலை, ஓட்டுறது உம்மட வேலை.”

“எனக்கு மூவாயிரத்து ஐம்பது வந்தால் போதும் அண்ணை.”

“அதையும் ஒருத்தரிட்டையும் சொல்லாதையும்.”

வாங்க வந்தவர் ஆனந்தராசா. டெயரி என்கிற மூலைக்கடை இரண்டு வைத்து, பாலும் பாணும் விற்றுச் சேர்த்த காசில் இந்த வயதில் வந்த ஆசை. அவர் கண்ணில் இன்னொரு வண்டியும் இருந்தது: பரி என்ற வெள்ளைக்காரனின் மொனாரோ. ஐந்து லீற்றர்தான், ஆனால் ஸ்பிரிங்கைப் பரி தன் கையாலேயே வெட்டி, வண்டியைத் தரையோடு பதித்திருந்தான். இரண்டையும் ஓட விட்டுப் பார்த்துத்தான் காசு என்று ஆனந்தராசா சொல்லிவிட்டார். புக்கக்கோஹே ஓட்டப்பாதையில் சனிக்கிழமை கார்ப்பந்தயக் கழகத்து நாள். கட்டணம் கட்டினால் எவரும் ஓட்டலாம்.

முதலில் பரி ஓட்டினான். மொனாரோ வளைவுகளில் நிலத்தை நக்கிக்கொண்டு போனது. பிறகு நோபேட். பின்பக்க நேர்ப்பாதையில் ஃபால்கன் எழுப்பிய சத்தத்தில் ஆனந்தராசாவின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு வெகு தூரம் முன்னாலேயே நோபேட் காலை எடுத்துவிட்டான். அடுத்த சுற்றிலும் அப்படித்தான். வளைவுக்கு அப்பால் கம்பி வேலி. அதில் ஒரு உரசல் பட்டால் பிள்ளையின் சீற்று போய்விடும்.

“நேரில புலி, வளைவில பசு மாடு. ஆள் பயப்படுறானோ, வண்டி பயப்படுதோ?” என்றார் ஆனந்தராசா.

“பெண்சாதி இல்லாத வீட்டுப் பெடியன், பயந்து பழக்கமில்லை,” என்று தியாகலிங்கம் சிரித்தார். நோபேட் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கதை மாறியது. பப்பகூரா வரை பாதித் தூரம் மொனாரோவில் வந்த ஆனந்தராசா, பெற்றோல் நிலையத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒட்டுப்போட்ட வீதியின் ஒவ்வொரு ஒட்டும் அவருடைய முள்ளந்தண்டில் எண்ணப்பட்டிருந்தது. பிறகு ஃபால்கனில் ஏறி ஒரு வட்டம் போனார். மூன்றாம் கியரிலேயே முனகாமல் மேடேறியது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தார்.

“நான் கடைக்குப் போற ஆள், வளைவுக்குப் போற ஆளில்லை,” என்றார். “மூவாயிரத்து நூறு தாறன். சரியோ?”

நோபேட் சரி சொல்ல வாயைத் திறந்தான். பின்சீற்றில் இருந்த தியாகலிங்கத்தின் கை அவன் தோளில் அழுந்தியது.

“ஆனந்தராசா அண்ணை கேட்டால் இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஆனால் தகனினியில குதிரைப் பண்ணை வைச்சிருக்கிற ஆள் ஒருத்தர், மூவாயிரத்தைஞ்ஞூறு எண்டு நேற்றே சொல்லிப்போட்டார்.”

அப்படி ஒரு ஆள் இல்லை. அந்தக் குதிரைக்காரரை அவர் அந்த நிமிடத்தில்தான் பெற்றெடுத்தார். கூட ஒரு இருநூறு கறக்கலாம் என்ற கணக்கு.

ஆனந்தராசா கையை உள்ளே எடுத்தார்.

“சொல்லிப்போட்டாரோ? அப்ப ஏன் என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீர்? இன்னொருத்தன் விலை பேசின சாமானில நான் கை வைக்கிறதில்லை தியாகு. என்ர அப்பரும் வைக்கேல்லை. அவருக்கே குடுங்கோ.”

“இல்லை அண்ணை, அது ஒரு பேச்சு...”

“பேச்சு பேச்சுத்தான்.”

இறங்கி நடந்து போனார். மொனாரோவின் மேல் சாய்ந்து நின்ற பரியிடம் இரண்டு வார்த்தை. கை குலுக்கினார்கள். இரண்டாயிரத்து எண்ணூறுக்கு எழுதிய காசோலை கைமாறியது.

நோபேட் வண்டியை எடுத்தான். தகனினி வந்ததும் ஒரு குதிரை வேலியோரம் நிறுத்தினான். போர்வை போர்த்த இரண்டு குதிரைகள் தலையை நிமிர்த்திப் பார்த்தன.

“எந்த வீடு அண்ணை?”

“நோபேட்...”

“உங்கட ஆளின்ர வீட்டைக் காட்டுங்கோ. மூவாயிரத்தைஞ்ஞூறு எண்டு சொன்னவரெல்லோ. நான் இறங்கிக் கேக்கிறன்.”

தியாகலிங்கம் குதிரைகளை எண்ணுவது போலப் பார்த்தார். “அந்த ஆள் நான்தான்,” என்றார். “நானே எடுக்கிறன்.”

வீட்டில் அவர் மனைவி யோகராணி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். வீடு வாங்கும் முற்பணத்துக்கென்று வங்கியில் போட்டிருந்தது ஆயிரத்துத் தொளாயிரம்.

“இஞ்சருங்கோ, நீங்கள் காரை வாங்கேல்லை. சொன்ன பொய்யை வாங்கிறியள்,” என்றாள். பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான்.

ஆனந்தராசாவிடமும் போனார்கள். இந்த முறை நோபேட் கதைத்தான். அவர் கல்லாவைப் பூட்டாமலே உட்கார்ந்துவிட்டார்.

“நான் விலை பேசினது காருக்கு. பிள்ளைக்கு எண்டு சொல்லியிருந்தால் பேசியே இருக்கமாட்டன். இப்ப வெள்ளைக்காரனுக்குக் கை குடுத்து, காசும் குடுத்தாச்சு.” கல்லாவை வழித்து ஐந்நூறு எடுத்து வைத்தார். தியாகலிங்கத்தை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை மனுகாவில் அதே பெண், அதே சிரிப்பு. பிள்ளையை விட்டுவிட்டு விக்ரோறியா விமானம் ஏறமாட்டாள். அதனால் ஒரு ரிக்கற்றை மட்டும் வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. தியாகலிங்கம் நோட்டுகளை மேசையில் அடுக்கினார். நோபேட்டின் கையிருப்பு முந்நூறு. தகனினிக்காரர் ஆயிரத்துத் தொளாயிரம். ஆனந்தராசா ஐந்நூறு. வரவு இரண்டாயிரத்து எழுநூறு. நிலுவை அறுநூற்றைம்பது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்.