மார்ச் ஒன்பது

மகளைப் பறிகொடுத்தபின் எதற்காக வாழ்வது என்று தெரியாமல்தான் நெலிடா புவெனஸ் ஐரஸில் ஜோதிடம் பார்க்கும் மிர்த்தாவிடம் வந்திருந்தாள். நெலிடாவின் பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையின் பெரிய சம்பவங்களின் தேதிகளை வைத்து அதைக் கணித்துவிடலாம் என்றாள் மிர்த்தா. நெலிடா எழுதிக் கொடுத்தாள்; கடைசியாக, மகள் இறந்த மார்ச் ஒன்பது.

மிர்த்தாவின் முகம் மலர்ந்தது. "மார்ச் ஒன்பது கச்சிதமா பொருந்துது, நெலி! நீ விடியக்காலை நாலு பத்துக்குப் பொறந்திருக்கே. இந்த இழப்ப உன் ஆன்மாதான் பாடமா கேட்டு வாங்கிட்டு வந்திருக்கு."

"நான் கேட்டேனா? பத்தொம்பது வயசுப் பொண்ண சாகக் குடுத்துத்தான் நான் பாடம் படிக்கணுமா?"

"இந்தக் கோபம்கூட வளர்ச்சிதான்ம்மா."

"வாய மூடுடி! அவ செத்த தேதிய கேட்டியே, பேரக் கேட்டியா?"

நெலிடா பேனாவைப் பிடுங்கி, மார்ச் ஒன்பதை அடித்துவிட்டு, காகிதம் கிழிய அழுத்தி 'ரோசியோ' என்று எழுதினாள். மிர்த்தா கணித்த நாலு பத்தை அந்த மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.