கன்னத்தார் அடக்கிய சிரிப்பு

இஸ்திரிக்குக் கனவு வருவது பெரும்பாலும் மத்தியான வேளையில்தான். கடையில் ஆள் வரத்து ஓய்ந்து, கடைசிச் சட்டைக் காலரின் ஆவி எழும்பிக் கண்ணாடிக் கதவை மங்கலாக்கும்போது, தேய்க்கிற மேசை மேலேயே தலையைச் சாய்த்துவிடுவாள். அந்த ஆவிக்குள்ளிருந்து கன்னத்தார் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். ஊதிய பலூன் மாதிரி இரண்டு கன்னம், நீர் கோத்த இரண்டு கண். பேசமாட்டார். வாயைத் திறந்தால், தலைமுறை தலைமுறையாக அடக்கிவைத்திருக்கும் சிரிப்பு வெளியே கொட்டிவிடும் என்று பயம் அவருக்கு.

கன்னத்தார் அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா. இஸ்திரி என்பது புருஷன் வைத்த பட்டப்பெயர். பாதி அவள் வைத்திருக்கும் கடையால், பாதி முகத்தால். ஒரு சுருக்கம் விழாத முகம். புருஷனோ வெடி என்று பெயரெடுத்தவன். வாயைத் திறந்தால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணமான நாளாக அவளை மட்டும் அவனால் சிரிக்கவைக்க முடியவில்லை.

நகரத்தின் ஓரத்தில் ஓர் ஊற்று. அதைச் சுற்றிக் குடியிருக்கும் இவர்களை நகரத்தார் ஊற்றுக்காரர்கள் என்பார்கள். நகரம் முளைப்பதற்கு முன்பே இருந்தவர்கள் என்பதை நகரத்தாரும் ஒப்புக்கொள்வார்கள், மேடையில் மட்டும். ஊற்றுக்காரர்களின் சட்டம் ரொம்பச் சின்னது. எதையும் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டு ஒருவர் சிரித்தாலும் அந்தப் பேச்சு அதோடு செத்தது. யாரும் சிரிக்காவிட்டால் நிறைவேறியது. சபையில் தூங்கலாம், தூங்குகிறவரும் சபைதான். ஆனால் வரவழைத்த சிரிப்பு செல்லாது; பொய்யாகச் சிரித்தவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க இதைவிட நாகரிகமான வழியை எந்தப் பாராளுமன்றமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப்பட்ட சபைக்குத்தான் ஒரு நாள் கடல் கடந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தலையில் இறகு வைத்த தொப்பி, கையில் நீளமான தாள். நின்று நிதானமாகப் படித்தார். கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் இன்று முதல் தூரத்து அரசியாருடையது என்பது அதன் சாரம். கேட்டவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வந்தவர் விருந்தாளி. வெகுதூரம் நடந்து களைத்தவர். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கலாமா? எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த கன்னத்தார் பாடு ரொம்பத் திண்டாட்டம். தாள் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சட்டம் சட்டம்தான், நிலம் போயிற்று. பின்னால் துப்பாக்கிகளும் நின்றன என்பது உண்மையே. ஆனாலும் தாங்கள் தோற்றது துப்பாக்கியிடம் அல்ல, சொந்த உபசாரத்திடம் என்றே ஊற்றுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதிலே கொஞ்சம் கௌரவம் மிஞ்சியது.

கௌரவத்தோடு ஊற்றும் மிஞ்சியது. இப்போது அதற்கும் நகரசபை நாள் குறித்துவிட்டது. அதை ‘கண்டுபிடித்த’ இறகுத்தொப்பியாருக்கு அங்கே நினைவுப் பூங்கா, சுற்றிலும் வேலி. ஊற்றுக்காரர்கள் இனிமேல் நுழைவுச்சீட்டு வாங்கித் தண்ணீரைப் பார்க்கலாம், மொள்ள முடியாது. வழக்கு நடந்தது. ஊற்றுக்காரர்களின் சொந்தச் சட்டப்படி, அவர்கள் சபையில் நிறைவேறினால் நகரசபை ஊற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நகரசபை முழு மூச்சாக இறங்கியது. சிரிப்பு வரக்கூடிய சொல் ஒவ்வொன்றையும் அறிக்கையிலிருந்து களைய ஒரு குழு. அந்தக் குழுவைக் கண்காணிக்க ஒரு குழு. கிறீச்சிடும் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். பேசும்போது விக்கல் எடுக்கும் தலைவரை விடுமுறையில் அனுப்பினார்கள். சபை கூடவிருந்த நகர மண்டபத்தில் மாட்டியிருந்த இறகுத்தொப்பியாரின் ஓவியத்தில் இறகை மட்டும் துணியால் மூடினார்கள். முழங்காலோடு முடிந்துபோகும் ஓவியம் அது; வாசலில் இருக்கும் சிலையும் அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அறிக்கையைப் படிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. தன் கல்யாணப் போட்டோவிலும் கோப்பு பார்ப்பது போல நிற்பவர் அவர்.

அவருடைய கோட்டு இஸ்திரியின் கடைக்குத்தான் வந்திருந்தது. சபை கூடும் நாள் காலை, வெடி வாசலில் நின்று கத்தினான்.

“நம்ம ஊத்தைப் பிடுங்க வர்ற ஆளு. அவர் கோட்டுக்கு நீ மடிப்பு எடுத்துக் குடுக்கிறியா?”

“பின்னே கசக்கியா குடுக்கிறது? தொழில்னு ஒண்ணு இருக்குல்ல?”

“போகட்டும். நீ கவலைப்படாதே. அவர் ரெண்டு வரி படிக்கட்டும், நான் சிரிக்கிற சிரிப்புல கூரை பறக்கும்.”

“நிஜமா சிரிப்பு வரணுமே, உங்களுக்கு?”

“எனக்கா? எனக்கா சிரிப்பு வராது?” என்றவன், சொல்லி முடித்தபின் கொஞ்சம் கலங்கினான்.

மண்டபத்தில் சபைக்குத் தலைமை இஸ்திரியின் பெரியத்தை. செயலாளர் எழுந்து, மடிப்புக் கலையாமல் நின்று, படிக்க ஆரம்பித்தார். ‘மேற்படி’, ‘மேற்குறிப்பிட்ட’, ‘மேலே கண்ட’ என்று வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. கீழே இறங்கவே இல்லை. வெடி, “ஹா... ஹா...” என்றான்.

பெரியத்தை திரும்பினாள். “மாப்பிள்ளை, அது சிரிப்பில்ல, தொண்டைக் கரகரப்பு. எழுந்து வெளிய போங்க.”

“அத்தை, நிஜமாத்தான்...”

“உங்க வீட்டுக்காரியே நம்பமாட்டா. போங்க.”

வெடி போனான். ஊற்றுக்காரர்களின் முகமெல்லாம் வாடிப்போயிற்று. அவனுக்கே வரவில்லை என்றால் வேறு யாருக்கு வரும்? குரல் மழை மாதிரி ஒரே சீராகப் பெய்தது. ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. இஸ்திரியின் கண்ணும் செருகியது.

ஆவிக்குப் பதிலாக ஊற்றிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. புல்லில் சபை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கன்னத்தார். எதிரே இறகுத்தொப்பியார், தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. அவர் பூட்ஸ் இரண்டும் ஓரமாகக் கிடந்தன. நடந்து நடந்து காலெல்லாம் கொப்புளம். அதற்காக யாரோ இரக்கப்பட்டு ஊற்றுத் தண்ணீரைச் செப்புக் குடத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு காலை உள்ளே விட்டிருந்தார். கால் வீங்கியிருந்ததால் குடம் கழலவில்லை. அரசியாரின் பெயர் வரும்போதெல்லாம் மரியாதைக்காக ஓரடி முன்னே வைத்தார். குடமும் ‘டங்’ என்று கூடவே வந்தது. பின்னால் நின்ற சிப்பாய்கள் ஒவ்வொரு ‘டங்’குக்கும் சல்யூட் அடித்தார்கள். கடைசியில் அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “இந்த மண்ணில் நான் என் காலை ஊன்றிவிட்டேன்.”

குடத்தில் தண்ணீர் தளும்பியது.

“தாத்தா, சிரிச்சிடுங்க. போதும், சிரிச்சிடுங்க,” என்று இஸ்திரி கெஞ்சினாள். கன்னத்தார் கண்ணில் நீர் வழியத் தலையசைத்து மறுத்தார். விரலால் அந்த மனிதரைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு அவளைச் சுட்டி, கையை விரித்தார். அவளுக்குப் புரிந்தது. அவருக்குத்தான் விருந்தாளி. இவளுக்கு என்ன முறை?

மண்டபத்தில் அந்தச் சிரிப்பு இஸ்திரியின் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தூங்கியவர்கள் துள்ளி விழித்தார்கள். செயலாளர் பாதி ‘மேற்படி’யில் நின்றார்.

“என்ன சத்தம் அது?”

“சிரிப்பு,” என்றாள் பெரியத்தை.

“அந்தம்மா தூங்கறாங்க!”

“தூங்கறவங்களும் சபைதான். உங்க தாள்லயே எங்க சட்டத்தை அப்படித்தானே எழுதியிருக்கு.”

“அறிக்கையைக் கேட்டுச் சிரிக்கலையே! ஏதோ கனவைப் பார்த்து...”

“அதையும் கேட்டுடுவோம். எழுந்திருடி. எதைப் பார்த்துச் சிரிச்சே?”

இஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை சுருக்கங்கள் இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. “இதே அறிக்கைதான் அத்தை. இவர் நின்னு படிக்கிறார். அந்த இறகுத்தொப்பியார் ஒரு காலைக் குடத்துக்குள்ள விட்டுட்டு, எடுக்க முடியாம படிச்சார்.”

ஓவியத்தின் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. துணி மூடிய இறகு, நிமிர்ந்த நெஞ்சு, முழங்கால். அதற்குக் கீழே வெறும் சட்டம்.

பின்வரிசையில் ஒருவர், “டங்,” என்றார்.

அதற்குமேல் மண்டபம் தாங்கவில்லை. காவலுக்கு நின்றவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கினார். அவருடைய கன்னம் இரண்டும் மெல்ல மெல்ல உப்பின. தாள்களை வாரிக்கொண்டு வாயைத் திறக்காமலே காருக்கு நடந்தார். ஊற்று பிழைத்தது.

வாசலில் வெடி ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டான். “யாரு? யாரு சிரிச்சது?” தெரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டான். “இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேனே. கடைசியில ஒரு குடத்துக்குச் சிரிச்சிருக்கா!”

மறுநாள் மத்தியானம் மேசையில் தலை சாய்த்தபோது, ஆவிக்குள்ளிருந்து யாரோ ஒருவர் ஒட்டிய கன்னத்தோடு வந்து உட்கார்ந்தார். இஸ்திரிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

“யாரு நீங்க? துணி குடுத்திருந்தீங்களா?”

அவர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். பேசியே பழக்கமில்லாத குரலில், கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

“அது நம்ம வீட்டுக் குடம்மா. போட்டுக்கிட்டே போனவர், இன்னும் திருப்பித் தரலை.”